555 புத்தகம் போச்சு, கடன் போச்சா?



நாற்பது வயதைத் தாண்டிய யாரும் அந்தச் சின்னப் புத்தகத்தை மறந்திருக்க மாட்டோம். அட்டையில் 555 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அம்மா அதைக் கையில் கொடுத்து, "அரிசி ரெண்டு கிலோ, நெத்திலி கொஞ்சம், மண்ணெண்ணெய் ஒரு போத்தல் வாங்கி எழுதிக்கிட்டு வா" என்று அனுப்புவார். தவுக்கே தன் புத்தகத்திலும் எழுதுவார், நம் புத்தகத்திலும் எழுதுவார். என்ன விலை என்று நாம் கேட்டதில்லை. கேட்கிற நிலையிலும் நாம் இல்லை. சம்பளம் போட்ட அன்று சாயங்காலமே பெரும்பங்கு கடைக்குப் போய்விடும். மறுநாள் காலையிலிருந்து மறுபடியும் "எழுதிக்கோ தவுக்கே"தான்.

அந்தக் கடையைத் திட்டித் தீர்ப்பது சுலபம். நியாயத்தையும் பேச வேண்டும். மழை பிடித்து வெட்டு நின்ற நாட்களிலும், மரம் இலை உதிர்த்துப் பால் குறைந்த மாதங்களிலும் நம் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தப் புத்தகத்தால்தான். அதற்கு நாம் கொடுத்த கூலி, டவுனில் விற்பதைவிடக் கூடுதல் விலை. பாக்கி இருக்கும்வரை வேறு கடைப்படி ஏறவும் வழியில்லை.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு என்ன சொல்கிறது? தொழிலாளி தன் சம்பளத்தை எங்கே, எப்படி, யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட்டால் அது செல்லாது. கடைகளிலோ மதுக்கடைகளிலோ வைத்துச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்கிறது 28ஆம் பிரிவு. அங்கே வேலை செய்பவர்களுக்கு மட்டுமே விலக்கு. நல்ல சட்டம்தான். ஆனால், கையில் காசில்லாதவனுக்குக் கடன் கொடுக்கிற கடைதானே கடை?

பெரிய கடைகளின் காலம்

பிறகு காலம் மாறியது. சம்பளம் பேங்குக்குப் போனது. வீட்டுக்கொரு மோட்டார் சைக்கிள் வந்தது. 1994இல் கேரிஃபோர் இந்த நாட்டில் கடை திறந்தது. 2002இல் பூச்சோங்கில் டெஸ்கோ வந்தது. 2021 முதல் அதற்கு லோட்டஸ் என்று பெயர். 1987இல் கிள்ளானில் ஒரு மளிகைக் கடையிலிருந்து கிளம்பியதுதான் 99 ஸ்பீட்மார்ட். 2024 செப்டம்பரில் அது பங்குச் சந்தைக்கு வந்தபோது அதற்கு 2,600க்கும் மேற்பட்ட கடைகள்!

இவர்களால் எப்படி மலிவாக விற்க முடிகிறது? லாரி லாரியாக மொத்தத்தில் எடுக்கிறார்கள். ரொக்கத்துக்கு விற்கிறார்கள். விலைச் சீட்டு கண்ணெதிரே தொங்குகிறது. பார்த்து எடுக்கலாம், வேண்டாம் என்றால் வைத்துவிடலாம். இது நமக்குக் கிடைத்த விடுதலைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே "எழுதிக்கோ" என்றால் எழுத ஆளில்லை. மழை மாதத்தில் அந்தக் கடை நம்மைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாது.

இன்னொன்று, தூரம். டவுன் கடையில் 200 வெள்ளிச் சாமானுக்கு 15 வெள்ளி மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். உள்தோட்டத்திலிருந்து போய்வர வாடகைக் காருக்கு 20 வெள்ளி கொடுத்தால் 5 வெள்ளி நஷ்டம். மலிவு விலைக் கடை வண்டி இருப்பவனுக்குத்தான் மலிவு. தனியாக வாழும் கிழவிக்கு அது மலிவில்லை.

அரசாங்க உதவியிலும் இதே கதை. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்களுக்கு சாரா திட்டத்தில் 100 வெள்ளி மைகார்ட் வழியாகக் கிடைத்தது. அரிசி, முட்டை, பிஸ்கட், மருந்து என்று அத்தியாவசியச் சாமான் வாங்கலாம். ஆனால் பதிவு பெற்ற கடையில் மட்டும்தான் அந்த அட்டை செல்லும். தோட்டத்துக் கடை பதிவில் இல்லையென்றால் அந்த 100 வெள்ளியைச் செலவழிக்கவே நாம் காசு செலவழித்துப் போக வேண்டும். தோட்டத்துக் கடையும் மெல்ல மெல்லச் சாகும். கடைசியில் ஒரு தீப்பெட்டிக்கும் டவுனுக்கு ஓட வேண்டியதுதான்.

கடனாவது ஒழிந்ததா? வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்று கைத்தொலைபேசி கூப்பிடுகிறது. நம் பிள்ளைகள் சப்பாத்தும் சட்டையும் அப்படித்தான் வாங்குகிறார்கள். இதைக் கட்டுப்படுத்த 2025இல் நாடாளுமன்றம் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. தவுக்கேயிடம், "இந்த மாசம் வெட்டு இல்லீங்க, அடுத்த மாசம் தர்றேன்" என்று சொல்லலாம். தொலைபேசியிடம் என்ன சொல்வது?

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று: பொட்டலத்தின் விலையைப் பார்க்காதீர்கள், கிலோவுக்கு என்ன விலை என்று பாருங்கள். மலிவு என்று எழுதிய சின்னப் பொட்டலம் பல நேரம் கிலோக் கணக்கில் கூடுதலாக வரும்.

இரண்டு: நாலைந்து வீடுகள் சேர்ந்து மாதம் ஒருமுறை ஒரே வண்டியில் போங்கள். அந்த 20 வெள்ளி வாடகையை ஐந்தாகப் பிரித்தால் வீட்டுக்கு 4 வெள்ளிதான். அரிசியை மூட்டையாக எடுத்துப் பங்கிட்டுக் கொள்ளலாம்.

மூன்று: தோட்டத்துக் கடை சாராவில் பதிவு பெற வேண்டும் என்று கிளைக் கமிட்டிக் கூட்டத்தில் பேசுங்கள். கடைக்காரரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். அது அவர் பிழைப்புக்கும் நல்லது.

2025 பிப்ரவரியில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அந்தச் சம்பளத்துக்காகக் கூட்டம் போட்டோம், குரல் கொடுத்தோம். அந்தக் காசு எந்த வழியில் வெளியே போகிறது என்று ஒரு நாளாவது கூட்டம் போட்டுப் பேசினோமா?

ஒரு வேலை இன்றைக்கே தொடங்கலாம். 555 புத்தகம் இன்னும் கடையில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வாருங்கள். அன்று தவுக்கே எழுதினார், நாம் தலையாட்டினோம். இனி வீட்டுக்கணக்கை நாமே எழுதுவோம். எழுதத் தெரியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். மூன்று மாதம் எழுதிப் பாருங்கள், ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.