வெள்ளெழுத்தும் வண்டிக் கண்ணாடியும்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை இல்லத்தாருடன் இராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் புறப்பட்டேன். பெங்களூரில் பணிபுரியும் என் மகன் வாங்கித் தந்த புதிய மோட்டார் வண்டியை அன்றுதான் முதன்முறையாக ஓட்டினேன். பின்புறம் பார்க்கும் ஆடி இருக்க வேண்டிய இடத்தில் நீண்டதொரு மின்திரை இருந்தது. வண்டியின் பின்னே பொருத்திய காமிரா காணும் காட்சி அதில் ஓடியது. பக்கம் மாறுவதற்கு முன் அதனை நோக்கினேன். வண்ணங்கள் தெரிந்தன, வடிவங்கள் தெரியவில்லை. “அப்பா, ஸ்கூட்டர்!” என்று மகள் கூவியிராவிடில் என்ன நேர்ந்திருக்குமோ!

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. கண் மங்கிவிட்டது என்றே எண்ணினேன். உற்றார் அருகில்லாத இத்தலைநகரில் கோயிலுக்கும் இரயில் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் குடும்பத்தை அழைத்துச் செல்பவன் நான் ஒருவனே. சாவியைக் கீழே வைக்க மனம் வராமல், ஒரு வாரம் யாரிடமும் சொல்லாது மறைத்தேன். பிறகே கண் பரிசோதகரிடம் சென்றேன். “உங்கள் கண்ணில் புதிய குறை ஏதுமில்லை. மூக்குக் கண்ணாடியும் அத்திரையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவ்வளவே” என்றார் அவர்.

காரணம் எளிது. சாதாரண ஆடி நம் முகத்திற்கு இரண்டடி தூரத்தில் இருந்தாலும், அதில் தெரியும் வண்டி ஐம்பதடிக்கு அப்பால் உள்ளதாயின், கண் அத்தொலைவையே நோக்குகிறது. ஆதலால் சாலையைக் காணும் தூரப் பார்வைக் கண்ணாடியே ஆடிக்கும் போதுமானது. மின்திரையோ அங்ஙனமன்று. அது இரண்டடியில் விரித்து வைத்த புத்தகம் போன்றது. கண் தொலைவை விட்டு அருகே திரும்பித்தான் அதனைப் படிக்க வேண்டும். இளைஞரின் கண்ணுக்கு இது நொடிப்பொழுதின் வேலை. நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்க்கு அக்கண்வில்லை இறுகிவிடுவதால் வளைந்து கொடுப்பதில்லை.

இருபார்வைக் கண்ணாடி அணிவோரும் தப்புவதில்லை. அருகே பார்க்கும் வில்லை கீழ்ப்பகுதியில் இருக்க, திரையோ மேலே தொங்குகிறது. மோவாயை உயர்த்திப் பார்க்க முயன்றால் முன்சாலை கண்ணைவிட்டு நழுவும்.

இனிச் செய்யத்தக்கவை சில. இத்தகைய ஆடிகள் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரு சிறு விசை உண்டு. அதைத் திருப்பினால் திரை அணைந்து சாதாரண ஆடியாகிவிடும். நான் இப்போது அவ்வாறே ஓட்டுகிறேன். பின்னிருக்கையில் ஆட்களும் மூட்டைகளும் நிறைந்து ஆடியை மறைக்கும்போது திரை உதவும் என்பது உண்மையே. அதனைப் பயன்படுத்த விரும்புவோர், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து, அது மேலே இருப்பதையும் சேர்த்துப் பரிசோதகரிடம் கூறுக. வெயிலுக்கு அணியும் போலராய்டு கண்ணாடி சில திரைகளை இருளச் செய்யும். அதனையும் வண்டி நின்றிருக்கும்போதே போட்டுப் பார்த்துவிடுக. புதிய வண்டி வாங்குவோர், விற்பனைக் கூடத்திலேயே தம் அன்றாடக் கண்ணாடியுடன் அமர்ந்து திரையைப் பார்த்தபின் பணம் கட்டுவது நலம்.

திரை தெளியாதது என் பிழையன்று. ஒரு வாரம் அதனை மறைத்ததே என் பிழை. அந்த ஏழு நாளும் நான் வண்டியோட்டினேன். பின்னிருக்கையில் என் மக்கள் இருந்தனர். பார்வையில் ஐயம் தோன்றினால், நாணாமல் அன்றே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.