உப்பைத் தேடி இரும்பைத் தொலைக்கிறோம்

1983 சிங்கப்பூருக்கு வெப்பமான ஆண்டு. அந்த ஏப்ரலில் தெங்காவில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அடுத்த மாதக் கடைசியில் தென்கிழக்காசிய விளையாட்டுகள் இங்கே தொடங்கின. பெண்கள் மாரத்தானில் கே. ஜெயமணி தங்கம் வென்றார். '100 பிளஸ்' ஐசோடானிக் பானம் சந்தைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2023 மே 13ஆம் தேதி, அங் மோ கியோவில் அதே 37 டிகிரி மீண்டும் பதிவானது.

வெயில் கூடக் கூட வியர்வை பற்றிய கவலையும் கூடுகிறது. பாசிர் ரிஸ் விளையாட்டு நிலையத்திலோ கடலோரப் பூங்காவிலோ மாலைப் பயிற்சி முடித்துவரும் பிள்ளைகளில் பலர் கையில் ஐசோடானிக் பானம் இருக்கும். வியர்த்தால் உப்பு போகும், போன உப்பை இந்தப் பானம் ஈடுகட்டும் என்பது பெற்றோர் பலரின் நம்பிக்கை. அதில் பாதி சரி. ஆனால் அந்தப் பாதியிலேயே நாம் நின்றுவிடுவதால், வளரும் பிள்ளைகளுக்கு உண்மையில் குறையக்கூடிய தாதுக்கள் கண்ணில் படாமல் போகின்றன.

முதலில் உப்புக் கணக்கைப் பார்ப்போம். பெரியவர்களின் ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ 1 கிராம் சோடியம் இருக்கும். இது ஆளுக்கு ஆள் மாறும். பருவமடையாத பிள்ளைகளுக்கு வியர்வையும் குறைவு, அதிலுள்ள உப்பும் குறைவு. 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூரில் பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2,000. இது பெரியவர்களின் கணக்குதான். ஆனால் பிள்ளைகள் சாப்பிடுவதும் அதே உணவங்காடியில்தானே! பயிற்சிக்குப் பிறகு ஒரு கிண்ணம் மீ சோத்தோவைச் சாறோடு குடித்து முடிக்கும் பிள்ளைக்குச் சோடியம் போதாமல் போக வாய்ப்பு மிகக் குறைவு. சாதாரண உடற்பயிற்சிக்கு இத்தகைய பானங்கள் பிள்ளைகளுக்குத் தேவையில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011லேயே சொல்லிவிட்டது. தண்ணீரும் வழக்கமான சாப்பாடும் போதும்.

விதிவிலக்கு உண்டு. ஒரே நாளில் பல ஆட்டங்கள் ஆடுவோருக்கும், வெயிலில் மணிக்கணக்கில் ஓடுவோருக்கும், சட்டையில் வெள்ளைப் படலம் படியும் அளவுக்கு உப்பு வியர்ப்போருக்கும் அந்தப் பானம் உதவும். அளவுக்கு மீறிய தண்ணீரும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. வியர்வையில் இழந்ததைவிட அதிகமாகக் குடித்ததே முக்கியக் காரணம். ஐசோடானிக் பானத்தில் பொதுவாக வியர்வையைவிடச் சோடியம் குறைவு என்பதால், அதை வரம்பின்றிக் குடித்தாலும் இந்த ஆபத்து நீங்காது.

இனி இரும்புக்கு வருவோம். இளம் விளையாட்டாளரின் உடலில் இரும்பு குறையும் வழிகள் பல. உடல் வளர வளர ரத்தத்தின் அளவு கூடுகிறது. அதற்கே கூடுதல் இரும்பு வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கில் ஒரு பங்கு போகிறது. நெடுந்தூரம் ஓடுகையில் பாதம் தரையில் மோதும் அதிர்ச்சியில் ரத்தச் சிவப்பணுக்கள் சில உடைகின்றன. கடும் பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. 14 முதல் 18 வயது வரையிலான பெண்களுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம், ஆண்களுக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது வட அமெரிக்கப் பரிந்துரை. சைவ உணவிலுள்ள இரும்பு உடலில் எளிதில் சேர்வதில்லை. சாப்பிட்ட கையோடு தே தாரிக் குடித்தால் சேர்வது இன்னும் குறையும்.

இந்தக் குறை சத்தமில்லாமல் வளர்வது. முதலில் தீர்வது ஃபெரிட்டின் எனும் சேமிப்பு இரும்பு. ஹீமோகுளோபின் அதற்கு வெகுநாள் கழித்தே இறங்கும். இடைப்பட்ட மாதங்களில் பிள்ளையின் ஓட்ட நேரம் கூடும். படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்கும். வகுப்பில் கண் சொருகும். பயிற்றுநர் 'முயற்சி போதவில்லை' என்பார், வீட்டில் 'கைப்பேசியைக் குறை' என்பார்கள். ரத்தத்தைச் சோதிக்க யாருக்கும் தோன்றாது.

சுண்ணாம்புச்சத்தின் கதை வேறு. அதற்குக் காலக்கெடு உண்டு. பெரியவரின் எலும்பிலுள்ள தாதுவில் ஏறத்தாழ கால் பங்கு, வளர்ச்சி உச்சத்தைச் சுற்றிய இரண்டே ஆண்டுகளில் சேர்வதாகக் கனடாவில் நடந்த நீண்டகால ஆய்வு காட்டியது. எலும்பில் தாது சேர்வது பெண்களுக்குப் பன்னிரண்டரை வயதிலும் ஆண்களுக்குப் பதினான்கிலும் உச்சம் தொடுகிறது. நம் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, இணைப்பாட நடவடிக்கைக்கு அணி தேர்ந்து, வாரத்துக்குப் பல நாள் பயிற்சியில் இறங்கும் வயதும் அதுவே. அந்த நேரம் பார்த்து, உடல் எடை குறைந்தால் வேகம் கூடும் என்று சாப்பாட்டைக் குறைக்கும் பிள்ளைக்கு இரட்டை நட்டம். செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் மாதவிலக்கு தவறும், எலும்பு மெலியும், மயிரிழை முறிவு வரும். அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014லிருந்து எச்சரித்துவரும் கோளாறு இது. வயிறார உண்ணாத உடலில் மாத்திரையால் மட்டும் எலும்பு உறுதிப்படாது.

வழி சமையலறையில் இருக்கிறது, விலையும் அதிகமில்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. முளைகட்டியோ புளிக்கவைத்தோ சமைத்தால் உடலில் நன்றாகச் சேரும். முள்ளோடு உண்ணும் நெத்திலி, தவ்வு, பால், எள் எல்லாம் தேக்காவிலும் கிடைக்கும், பாசிர் ரிஸ் பேரங்காடியிலும் கிடைக்கும். கீரை, பருப்போடு எலுமிச்சை அல்லது கொய்யா சேர்ந்தால் இரும்பு கூடுதலாக ஏறும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். ஆனால், சோதிக்காமல் இரும்பு மாத்திரை கொடுக்கக் கூடாது. மிஞ்சிய இரும்பு நஞ்சு.

பள்ளிகளுக்கும் மன்றங்களுக்கும் செய்ய வேண்டியவை மூன்று. நெடுந்தூர ஓட்டம் போன்ற விளையாட்டுகளில் உள்ள பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பருவம் தொடங்கும் முன் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் மருத்துவர் வழியாகச் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். மாதவிலக்கு தவறுவதை நல்ல பயிற்சியின் அடையாளமாகக் கருதும் வழக்கத்தைப் பயிற்றுநர்கள் கைவிட வேண்டும். பிள்ளைகளின் எடையைப் பற்றி அணியின் முன் பேசுவதை நிறுத்த வேண்டும். ஓட்ட நேரத்தை நொடியின் நூறில் ஒரு பங்குவரை அளக்கிறோம். அந்த ஓட்டத்துக்கு அடிப்படையான இரும்பை ஆண்டுக்கு ஒருமுறையாவது அளப்பது பெரிய கோரிக்கை அல்ல.