கொச்சியிற் சித்திர விடுதிகள்

துயிலும் அறையைச் சித்திரங்களால் அணிசெய்தல் கொச்சி நகருக்குப் புதிய வழக்கமன்று. போர்த்துக்கேசியர் 1555-ஆம் ஆண்டளவிற் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்ததும், பின்னர் ஒல்லாந்தர் பழுதுபார்த்தமையால் டச்சு அரண்மனை எனப் பெயர் பெற்றதுமாகிய மட்டாஞ்சேரி அரண்மனையிலே, மன்னரது பள்ளியறைச் சுவர்களில் இராமகாதை வண்ணமுறத் தீட்டப்பெற்றுள்ளது. அரச குடும்பத்தார் மட்டுமே கண்டுவந்த அவ்வோவியங்களை இன்று சிறு கட்டணம் செலுத்தி எவரும் காணலாம். மூடை சுமப்பவனும் தன் மகளைக் கைப்பற்றி அழைத்துச் சென்று காட்டலாம். இம்மாறுதலை மனத்திற் கொண்டே இக்காலத்துச் சித்திர விடுதிகளைப்பற்றிச் சில கூற விழைகின்றோம்.

2012-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் கொச்சி-முசிரிஸ் பியனாலே என்னும் கலைக்காட்சி முதன்முறையாகத் தொடங்கிற்று. 1867-இல் வாணிகம் தொடங்கிய ஆஸ்பின்வால் கம்பெனியாரின் பழைய கட்டடம் அதற்குத் தலைமையிடமாயிற்று. மிளகும் தேங்காயெண்ணெயும் மணந்த இடத்திற் சித்திரங்கள் குடியேறின. கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் பழைய வணிகர் மனைகளும் பண்டகசாலைகளும் விடுதிகளாக மாறி, கலையையே தமக்கு அணியாகக் கொண்டுள்ளன.

அத்தகைய விடுதி யொன்றில் யாம் இருநாள் தங்கினோம். செம்புரைக்கற் சுவர்கள், தேக்கு உத்தரங்கள், பின்புறம் காயலும் படித்துறையும். அறைதோறும் ஓர் ஓவியரின் படைப்புகள். இவ்விடுதிகள் எழாதிருந்தால் இக்கட்டடங்களிற் பலவற்றைக் கறையானும் மழையும் தின்றிருக்கும். இளம் ஓவியர் பலருக்குச் சுவரும் கூலியும் கிடைத்திரா. இந்நன்மையை மறுப்பார் நியாயமுடையா ரல்லர்.

எனினும் படிக்கட்டின் மருங்கில் மாட்டியிருந்த பெரிய ஓவியம் எம்மை நெடுநேரம் நிறுத்திற்று. மூடை சுமக்கும் கூலியாட்கள் வரிசையாகச் செல்லும் காட்சி அது. அதன் கீழ் ஓவியர் பெயரும் தீட்டிய ஆண்டும் இருந்தன. சுமந்தவரைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை. கொச்சித் துறைமுகத்திலே முன்னாளில் 'சாப்பா' என்றொரு முறை வழங்கிற்று. விடியலிற் கூடி நிற்கும் தொழிலாளர் கூட்டத்தினிடையே கங்காணி உலோகப் பில்லைகளை வீசுவான். பாய்ந்து, ஒருவரை யொருவர் தள்ளி, ஒரு பில்லையைப் பற்றியவனுக்கே அன்று வேலையும் கூலியும் உண்டு. பற்றாதவன் வெறுங்கையுடன் வீடு திரும்புவான். இதனை ஒழிக்க எழுந்த போராட்டத்திலே 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியிற் போலீஸார் துப்பாக்கியாற் சுட்டனர். அப்போராட்டம் தொழிலாளர் மூவரின் உயிரைக் கொண்டது. இவ்வரலாறு அறியாது அவ்வோவியத்தைக் காண்பவர் அதன் வண்ணத்தை மட்டுமே காண்பர்.

விருந்தினர் கட்டிலில் விரிக்கும் வெள்ளைத் துணிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. கோட்டைக் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் உள்ள சலவைத்துறையிலே வெளுப்போர் தமிழராகிய வண்ணார் குலத்தினர். ஐரோப்பியப் படையினரின் உடைகளை வெளுக்கத் தம் முன்னோர் தமிழ்நாட்டினின்றும் வருவிக்கப்பட்டனர் என்பர். நகரத்து விடுதிகள் பலவற்றின் துணிகள் இன்றும் அங்கே கல்லில் அடிக்கப்பெற்று, கயிற்றுப் புரிகளின் இடையே செருகி உலர்த்தப்பெறுகின்றன. துணி நாள்தோறும் விடுதிக்குட் செல்கின்றது. துவைத்தவர் அச்சித்திரங்களை என்று காண்பது?

விடுதி தனியார் உடைமை, அமைதி நாடிப் பொருள் கொடுத்து வருவோர்க்கு ஊர்க்கூட்டம் இடையூறாகும் என்று சிலர் கூறுவர். படுக்கையறைகளைத் திறக்குமாறு யாம் கேட்கவில்லை. கீழ்த்தளத்துக் கூடமும் தாழ்வாரமும் பகற்பொழுதிற் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. வாரத்தில் ஒரு பிற்பகல் அவற்றை ஊரார்க்குக் கட்டணமின்றித் திறந்துவைப்பின் எவருடைய துயிலும் கெடாது. மன்னரது பள்ளியறையே பொதுமக்களுக்குத் திறந்த நகரிலே வணிகரின் பண்டகசாலை மட்டும் மீண்டும் தாழிடப்படுதல் எமக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

படிக்கட்டு ஓவியத்தின் கீழே சாப்பா முறை இன்னதென நான்கு வரிகளில் மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைக்கலாம் என்று, புறப்படும்போது விடுதி மேலாளரிடம் கூறினோம். தமிழ்ப் பகுதியை எழுதித் தருமாறு அவர் கேட்டார். அங்கேயே அமர்ந்து எழுதிக் கொடுத்தோம்.