விருந்தாளிகளாகவே இருந்துவிட்டோம்

புதுச்சேரியைச் சுற்றியுள்ள தோட்ட விடுதிகளில் இப்போதெல்லாம் நம் செஞ்சி, அனந்தபுரம் பக்கத்துக் குடும்பங்களையும் பார்க்க முடிகிறது. கல்யாண நாள், கோடை விடுமுறை, வெளிநாட்டிலிருந்து தம்பி வந்திருக்கிறான் என்று ஏதாவது ஒரு காரணம். போவதில் தப்பில்லை. உழைத்த பணத்தில் இரண்டு நாள் நிழலில் உட்கார யாருக்கும் ஆசை இருக்கும். ஆனால் அங்கே எதைப் பார்த்து மயங்குகிறோம்?

நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம். பழைய ஆட்டுக்கல்லின் குழியில் தண்ணீர் ஊற்றி நந்தியாவட்டையும் செம்பருத்தியும் மிதக்கவிட்டிருக்கிறார்கள். எங்கோ இடித்த வீட்டின் தேக்குத் தூண் இங்கே வராந்தாவைத் தாங்குகிறது. பிள்ளைகளை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கிறோம். அதே ஆட்டுக்கல்லை கிரைண்டர் வந்ததும் கொல்லைக்குத் தள்ளியவர்கள் நாம். திண்ணையை இடித்துக் கடைக்கு ஷட்டர் போட்டதும், தூணை வந்த விலைக்குக் கொடுத்ததும் நாம்தான். வீடு ஒழுகியது, ஓடு மாற்ற ஆள் கிடைக்கவில்லை, காரணங்கள் பொய்யில்லை. ஆனாலும் ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாமே என்று தெருவில் ஒருவரும் சொல்லவில்லை.

புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. 1750இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் 1761இல் அதை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். ‘அவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான்’ என்று சொல்வது நமக்கு வசதியாக இருக்கிறது. அவன் செஞ்சியை விட்டுப் போய் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது. மிஞ்சிய சுவர்களில் ஆணியால் பெயர் கீறியவர்கள் யாரும் கப்பலில் வந்தவர்கள் இல்லை. கீறுவதைப் பார்த்தும் ‘நமக்கேன் வம்பு’ என்று படியேறிப் போன நமக்கும் அதில் பங்கு உண்டு.

2025 ஜூலையில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். அன்று எல்லோரும் வாட்ஸ்அப்பில் பெருமைப்பட்டோம். 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை, அவர் மகன் ராஜாராம் முகலாயர் முற்றுகையை வருஷக்கணக்கில் தாங்கிய கோட்டை என்பதெல்லாம் நம்மில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கு கதையைக் கூத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்தவர்கள் நாம்.

கோட்டையாவது சாலையிலிருந்தே கண்ணில் படும். அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பனமலைக் குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில் இருக்கிறது. அதன் சிறு சந்நிதி ஒன்றின் சுவரில் சுமார் 1300 வருஷத்துக்கு முந்தைய ஓவியம். குடைக்குக் கீழே, ஒரு காலை மடித்து, தலையைச் சாய்த்து, சிவன் ஆடுவதைப் பார்வதி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆடும் சிவன் பெரும்பாலும் அழிந்துவிட்டார், பார்ப்பவள் மிஞ்சியிருக்கிறாள். கலை வரலாற்றுப் புத்தகங்கள் இவளைப் பற்றிப் பேசுகின்றன. அந்தக் குன்றைத் தாண்டி தினமும் பஸ்ஸில் போகும் நம்மில் எத்தனை பேர் ஏறிப் பார்த்திருக்கிறோம்?

விருந்தாளிக்குக் கூட்டிப் பெருக்கும் வேலை இல்லை. அதனால்தான் அழகை வெளியூரில் வாடகைக்கு எடுத்தோம். பராமரிக்க வேண்டிய அழகு பக்கத்தில் இருந்தபோது கண்ணைத் திருப்பிக்கொண்டோம். இதில் அரசாங்கத்தைக் கேட்க எத்தனையோ இருக்கலாம். நம்மைக் கேட்க வேண்டியதை இதுவரை கேட்கவே இல்லை.

புதுச்சேரியிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. வைசியாள் வீதியில், பாரம்பரியத்தைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்போடு வீட்டுக்காரர்களும் சேர்ந்து திண்ணைகளையும் தாழ்வாரங்களையும் மீட்டார்கள். 2008இல் அந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. குடியிருப்பவர்கள் மனம் வைத்ததால் நடந்த காரியம் அது.

நாமும் தொடங்கலாம். ஓட்டு வீட்டை இடிக்கும் முன் கொத்தனாரை ஒருமுறை கூப்பிட்டுப் பழுது பார்க்க முடியுமா என்று கேட்போம். கோட்டைச் சுவரில் கீறும் பையனை, ‘வேணாம்பா’ என்று நின்று தடுப்போம். வெளியூர் உறவினர் வந்தால் புதுச்சேரிக்குக் காரை எடுக்கும் முன் பனமலைக்கு அழைத்துப் போவோம். வழி சொல்லவும் கதை சொல்லவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முதலில் நாம் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே போகலாம்.