தாம்பரத்தில் எழுந்த வினா

ஒரு சமயத்தைப் பிறர்க்கு உரைக்கப் புகுவான் முதற்கண் விடையிறுக்கக் கடமைப்பட்ட வினா ஒன்றுண்டு. ‘நீ கூறும் பொருளை நீ உணர்ந்தனையா? அன்றிப் பிறர் பயிற்றியதை ஒப்பித்தனையா?’ என்பதே அது.

இவ்வினா கிறித்துவப் போதகரை நோக்கி எழுந்த களங்களுள் தாம்பரம் சிறந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் அவ்வூர்க்குப் பெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் உலக மிஷன் சங்கங்களின் பேரவை ஆண்டுக் கூடிற்று. ஏறத்தாழ 70 நாடுகளினின்றும் வந்தோர் 470 பேர் வரையினர். போதகர்க்குத் தரப்படும் பயிற்சி மிகவும் நலிவுற்றுக் கிடக்கின்றதென அப்பேரவையே ஒப்புக்கொண்டது.

அப்பேரவைக்கெனவே ஹாலந்து தேசத்து ஹென்றிக் கிரேமர் நூலொன்று இயற்றினார். கிறிஸ்துவினிடத்து நிகழ்ந்த இறைவெளிப்பாடு வேறு, மக்கள் கண்ட சமயங்கள் வேறு, அவ்விரண்டற்கும் தொடர்ச்சி இல்லை என்பது அவர் துணிபு. உலகியலில் வழங்கும் கிறித்துவ சமயத்தையும் அவர் அத்தீர்ப்பினின்று விலக்கினாரல்லர், அந்நடுவுநிலைமை பாராட்டத்தக்கதே. ஆயினும் அத்துணிபிற் பயின்ற போதகனிடம் ஒரு சைவன் வந்து, ‘இறைவன் என்னை ஆட்கொண்டான்’ என்னுங்கால், அவன் அதனைக் கேளாமுன்னரே மறுத்தல் வேண்டும். கேளாது மறுத்தல் விடையாகாது, செவியடைத்தலேயாம்.

இது சைவர் மாத்திரம் கூறும் குறையன்று. 1938 வரை அக்கல்லூரித் தலைவராயிருந்த ஹாக் என்பாரே கிரேமரை மறுத்தனர். பிற சமயங்களின் கொள்கைகள் வேறு, பிற சமயத்தான் உள்ளத்தெழும் மெய்யன்பு வேறு, பின்னையது இறைவனோடு உண்மையாகவே தலைப்படுவதாம் என்பது அவர் கருத்து. சென்னையில் வாழ்ந்த சக்கரை, செஞ்சையா முதலிய கிறித்துவ அறிஞரும் அவ்வாண்டே தமது மாறுபட்ட கருத்தை நூலாக வெளியிட்டனர்.

அற்றேல், சித்தாந்திகளும் ஏனைச் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம் என வகுத்து விலக்கினரன்றோ எனின், வகுத்தது உண்மையே; கேட்ட பின்னரே வகுத்தனர் என்க. சிவஞான சித்தியார் பரபக்கம் 14 மதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றன் கொள்கையையும் அவ்வம் மதத்தார் கூறுமாறே முன்வைத்துப் பின்னர் மறுக்கின்றது. சகம் 1235-இல், அஃதாவது கி.பி. 1313-இல், உமாபதி சிவாசாரியார் இயற்றிய சங்கற்ப நிராகரணமும் அந்நெறியதே. அன்றியும், எவ்வடிவிற் கருதி வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றருள்பவன் சிவனே என்பது சித்தாந்தத் துணிபாகலின், மறுக்கப்பட்டவன் அருளுக்குப் புறம்பாயினானல்லன்.

தாம்பரத்துக்கு அணித்தாகிய குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான், பயிற்சிக்கும் அநுபவத்துக்கும் உள்ள வேற்றுமையை அப்பரடிகள் வரலாற்றில் இனிது காட்டினார். அடிகள் சமண நூல்களை முற்றக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்றவர். அக்கல்வி சூலைநோயின் முன் உதவிற்றில்லை. பின்னர் அரசன் வினவியபோது அவர் தந்த விடை நீற்றறையிலும் கடலிலும் விளங்கிற்று.

இவை கொண்டு சைவர் செருக்குறுதற்கு இடமில்லை. போதகராவார் பல்லாண்டு ஓரிடத்திருந்து பயில்கின்றனர். பல்லாவரத்தில் ரயிலேறும் சைவ இளைஞனை, ‘இந்நீறு எற்றுக்கு?’ என்று ஒருவன் வினவின், அவன் நாணித் தலைகுனிகின்றான். அவன் மேற் குற்றமில்லை. அவனுக்குக் கற்பியாதார் மேலதே குற்றம். அப்பல்லாவரத்திலேதான் மறைமலையடிகள் வாழ்ந்தார். அவர் 1898 முதல் 1911 வரை கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தும், 1905-இல் சைவசித்தாந்த மகா சமாஜம் தோன்ற உழைத்தார். பிறர் மனையிலிருந்தும் தம் நெறிக்கு விடைகூற அவர் கூசினாரில்லை.

ஆதலின் தீக்கை பெற்றாரொவ்வொருவரும் ஆசிரியனை அடுத்துச் சாத்திரங் கேட்டல் வேண்டும். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என்னும் நான்கனுள் முதலதனோடு நிற்பது போதகப் பயிற்சியாயினும் மடத்துப் பயிற்சியாயினும் ஒப்பித்தலாகவே முடியும். நான்கும் நிரம்பியவன் வினாவுக்கு அஞ்சான், வினாவினவனை வெறுக்கவுமாட்டான்.

திருச்சிற்றம்பலம்.