ஊரில் ஆளில்லை என்றீர்களே!

நாங்கள் மீன் பிடிக்கப் போயிருந்தோம். அதற்குள் எங்கள் டோங்காஸ் கைவிடப்பட்ட ஊராகிவிட்டதா? 1899-இல் அலாஸ்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கப்பலில் திரும்பிய சியாட்டில் நகரத்துப் பெரிய மனிதர்களே, ஒருவன் இருந்தானே! வீட்டுக்குள் நடுநடுங்கிக் கிடந்தானே! அவன் உங்கள் கண்ணுக்கு ஆளாகத் தெரியவில்லையா?

எங்கள் குலக் கதைகளைச் செதுக்கி நட்டிருந்த குலக்கம்பங்களில் அழகானதாகப் பார்த்து வெட்டிச் சாய்த்தீர்கள். கரைவரை உருட்ட முடியவில்லை என்று ரம்பம் போட்டு இரண்டாக அறுத்தீர்கள். ஐயோ, அது விறகா? நோயில் கிடந்த உடன்பிறந்தாளைப் பார்க்கப் போனவள், நாஸ் ஆற்றில் மூழ்கிச் செத்தாள். எங்கள் அண்டங்காக்கைக் குலத்து அந்தப் பெண்ணுக்காக நட்டது அது.

உச்சியில் பிறைநிலாவைக் கவ்விய அண்டங்காக்கை. பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த வெளிச்சத்தைத் திருடி உலகத்துக்குக் கொடுத்தவன். அடியில் அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரனான கிழவன். நடுவில் தவளைக்கு வாழ்க்கைப்பட்ட பெண், கடல்நாயைக் கவ்விய திமிங்கிலம். இந்தக் கதைகளை எங்கள் ட்லிங்கிட் ஜனத்திலேயே கண்டவர் செதுக்க முடியாது. உரிமையுள்ள குலம் கேட்க வேண்டும், எதிர்க்குலத்தார் செதுக்க வேண்டும், விருந்து வைத்து, கூலியும் வரிசையும் கொடுத்து, அத்தனை பேரையும் சாட்சியாக வைத்து நட வேண்டும். அதைத்தான் உங்கள் சியாட்டிலின் பயோனியர் சதுக்கத்தில் ஊருக்கு அலங்காரமாக நிறுத்தித் திறப்பு விழா கொண்டாடினீர்கள்!

நஷ்டஈடாக 20,000 டாலர் கேட்டோம். 500 டாலரில் வாயை அடைத்தீர்கள். வழக்கு வந்ததே, ஒருவராவது ஜெயிலுக்குப் போனீர்களா?

1938-இல் அந்தக் கம்பத்துக்கு எவனோ தீ வைத்தான். நகல் செதுக்க யாரைத் தேடினீர்கள்? எங்களையேதான்! சார்லஸ் பிரவுனும் அவரோடு நின்ற எங்கள் தச்சர்களும் செதுக்கிக் கொடுத்தார்கள். 1940-இல் பறிகொடுத்தவன் கையாலேயே திருடியவன் முற்றம் நிறைந்தது. வயிறு எரியாதா?

அலாஸ்காவை ரஷ்யாவிடம் விலை பேசி வாங்கிய சிவார்ட் 1869-இல் எங்களிடம் வந்தார். விருந்தும் வரிசையும் பெற்றுக்கொண்டார், பதில் மரியாதை செய்யவே இல்லை. மூக்கிலும் காதிலும் சிவப்புப் பூசி அவருக்கு ஒரு மானக்கேட்டுக் கம்பம் நட்டோம். அதுவும் பின்னர் வந்த அதன் நகலும் இற்றுப்போனதும், கடன் இன்னும் தீரவில்லை என்று 2017-இல் எங்கள் சாக்ஸ்மன் ஊரில் புதிதாகச் செதுக்கி நட்டோம். தின்றுவிட்டுக் கைகழுவிப் போனவருக்கே இந்தக் கதி. வெட்டி அறுத்துத் தூக்கிப் போன உங்களுக்குப் பூச எத்தனை குடம் சிவப்பு வேண்டும், சொல்லுங்கள்!