மூடப்படாத தளங்கள்

மூடப்பட்ட இராணுவ விமானத்தளங்களைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு தனி இலக்கியமே உண்டு. ஓய்வுபெற்ற விமானப்படையினர் நினைவுகளை எழுதுகிறார்கள். வருடாவருடம் கூடுகிறார்கள். பழைய படங்களைக் கைமாற்றிப் பார்க்கிறார்கள். அந்த விருந்துகளுக்குக் கறி சமைத்து, பின் கோப்பையும் கழுவுகிற நாம் அவர்களது கதைகளை மேசையோரத்தில் நின்று கேட்டிருக்கிறோம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்களது நினைவு, ஓடுபாதை போட்ட நாளில் தொடங்கிக் கடைசி விமானம் கிளம்பிய நாளில் முடிந்துவிடுகிறது. முன்னும் பின்னும் அங்கே மனிதரே இருக்கவில்லைப் போலும்!

மாலைதீவின் தென்கோடியில், பூமத்திய ரேகைக்குச் சற்றுக் கீழே, அட்டு என்ற தீவுக்கூட்டத்தில் இருக்கிறது கன் தீவு. 1957 முதல் 1976 வரை அது பிரித்தானிய விமானப்படையின் தளம். சிங்கப்பூர்ப் பக்கம் போகும் விமானங்கள் தரித்து எண்ணெய் நிரப்பிய இடம். அங்கே அனுப்பப்பட்டவர்கள் குடும்பத்தை விட்டு ஒரு வருடம் இருந்தார்கள். வெயில், பவளப்பாறை, நீச்சல், பியர், திரைப்படம், வீட்டிலிருந்து வரப்போகும் கடிதம். இவைதான் அவர்களது கன். அந்தத் தனிமை உண்மையானது. அகதிக்கு அது நன்றாகவே விளங்கும்.

ஆனால் அந்தக் கதைகளின் ஓரத்தில் தட்டு ஏந்தி நிற்பவன் யார்? பக்கத்துத் தீவிலிருந்து தோணியில் வேலைக்கு வருகிறவன். அறை கூட்டுகிறான், கோப்பை கழுவுகிறான். அதாவது, எமது ஆள். கதையில் அவனுக்குப் பெரும்பாலும் பெயரில்லை. அவன் கூட்டுகிற அறையின் கீழே அவனது பாட்டனின் தோட்டம் கிடந்திருக்கலாம்.

ஏனெனில் கன் வெறுந்தீவாக இருந்ததில்லை. அது வளமான மண். அங்கே ஊர் இருந்தது. 1956 டிசம்பரில் மாலைதீவின் அன்றைய பிரதமர் 100 வருடக் குத்தகைக்குக் கையெழுத்திட்டார். வருடத்துக்கு 2,000 பவுண். கன் மக்கள் பெய்தூ தீவுக்கு மாற்றப்பட்டார்கள். பெய்தூவில் இருந்தவர்களோ மரதூவுக்குப் போகவேண்டியதாயிற்று. ஒரு ஊர் இடம்பெயர, அது போய் இன்னொரு ஊரை இடம்பெயர்த்தது. 1922இல் எச். சி. பி. பெல் ஆராய்ந்து எழுதிய பௌத்த இடிபாடுகளும் தளம் கட்டியபோது மண்ணோடு மட்டமாயின.

இதில் எமக்கு என்ன என்று கேட்கலாம். கேட்பவர்கள் 1957ஐத் திரும்பிப் பார்க்கட்டும். அந்த வருடம்தான் பண்டாரநாயக்கா அரசு திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும், கட்டுநாயக்க, சீனன்குடா விமானத்தளங்களையும் பிரித்தானியரிடமிருந்து பொறுப்பேற்றது. இலங்கையில் அது ஏகாதிபத்தியத்துக்கு எதிரான வெற்றி என்று கொண்டாடப்பட்டது. வெற்றிதான்! ஆனால் இலங்கையில் தரையிறங்க முடியாத விமானங்களுக்கு வேறொரு தரை தேவைப்பட்டது. அதுதான் கன். அட்டுக்காரர் பாய்மர ஓடங்களில் கொழும்புக்கு மாசி கொண்டுவந்து விற்றவர்கள். எமது சம்பலில் அவர்களது மாசி இருந்தது. எமது வரலாற்றில் அவர்களது காணி இல்லை.

கட்டுநாயக்கவும் மூடப்படவில்லை, கைமாறியது. எம்மில் பலர் நாட்டைவிட்டுத் தப்பிப் பறந்ததும் அங்கிருந்துதான். எமது தலைக்கு மேல் வந்த கிபிர் விமானங்கள் எழுந்ததும் அங்கிருந்துதான்.

இனி, எம்மைப்போன்றவர்கள் மறக்கக்கூடாத ஒரு அத்தியாயம். 1959 ஜனவரியில் அட்டு, மாலே அரசிலிருந்து பிரிந்தது. சுவாதீவுக் குடியரசு என்று பெயரிட்டு, அப்துல்லா அபீபைத் தலைவராக்கிக் கொண்டார்கள். வரிச்சுமையும் மாலேயின் கெடுபிடியும் அவர்களுக்குப் போதுமென்றாகியிருந்தன. தளம் பக்கத்தில் இருந்ததால் வெள்ளைக்காரன் துணை நிற்பான் என்று நம்பினார்கள். 1960இல் பிரித்தானியா மாலேயுடன் புது ஒப்பந்தம் செய்தது. 1962இல் பிரதமர் இப்ராகிம் நசீர் துப்பாக்கிப் படகோடு தினதூவுக்குப் போய் அந்த ஊரையே வெறுமையாக்கினார். 1963இல் குடியரசு முடிந்தது. அபீபைப் பிரித்தானியக் கப்பல் சீசெல்ஸில் கொண்டுபோய் இறக்கியது. பெரிய நாடு சிறிய மக்களுக்குக் கொடுக்கும் வாக்குறுதியின் ஆயுள், அதன் ஓடுபாதைக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் வரைதான்.

'தளம் வேலை கொடுத்தது, மருந்து கொடுத்தது, அட்டு முதியவர்களே ஆங்கிலேயரைப் பற்றி நல்லது சொல்கிறார்கள்' என்று ஒரு வாதம் உண்டு. சரி. சொல்லத்தான் செய்கிறார்கள். அங்கே கற்ற ஆங்கிலத்தோடு பலர் பின்னர் உல்லாச விடுதிகளில் வேலை தேடிக்கொண்டார்கள். நாமும் இந்த நாட்டின் மருத்துவத்தைப் பற்றி நல்லதுதான் சொல்கிறோம். நன்றி வேறு, கணக்கு வேறு. காணியை எடுத்துக்கொண்டு அதில் கோப்பை கழுவ இடம் கொடுத்தவனுக்கு நன்றி சொல்லலாம்; காணிக் கணக்கு அத்தோடு தீர்ந்துவிடாது.

1976 மார்ச்சில் விமானப்படை போயிற்று. வேலையும் போயிற்று. அடுத்த வருடமே சோவியத் யூனியன் தளத்தைக் கேட்டு வந்தது, நசீர் மறுத்தார். பிறகு அந்தக் கட்டிடங்களில் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. இலங்கையிலிருந்து பெண்கள் தைக்கப் போனார்கள். படையினர் வசித்த குடியிருப்பு ஹோட்டலாகியது. ஓடுபாதை சர்வதேச விமான நிலையமாகியது. கன் மக்களின் ஊர் மட்டும் கன்னுக்குத் திரும்பவில்லை.

கன் மூடப்பட்ட காலத்தில் இந்து சமுத்திரத்தின் இன்னொரு தீவில் இன்னொரு தளம் வளர்ந்துகொண்டிருந்தது. டியாகோ கார்சியா. அங்கிருந்த சாகோஸ் மக்கள் 1973க்குள் முற்றாக வெளியேற்றப்பட்டார்கள். 2021 ஒக்டோபரில் 89 தமிழர் ஏறிய படகொன்று பழுதாகி அந்தத் தீவில் கரை சேர்ந்தது. மூன்று வருடத்துக்கு மேல் அவர்களிற் பலர் வேலிக்குள் கூடாரங்களில் கிடந்தார்கள். சொந்த மக்களையே துரத்திய மண்ணில் அகதிக்கு என்ன இடம்? 2025 மே மாதம் பிரித்தானியாவும் மொறீசியசும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் அந்தத் தளத்துக்கு 99 வருடம். அன்று 100, இன்று 99. எழுபது வருடத்தில் நாகரிகம் ஒரு வருடம் முன்னேறியிருக்கிறது!

எமது வலிகாமம் வடக்குக்கு வருவோம். பலாலி ஓடுபாதையும் இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியர் போட்டதுதான். 1990இல் அதைச் சுற்றியிருந்த ஊர்கள் வெளியேற்றப்பட்டன. 2019 ஒக்டோபரில் அதற்கு யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் வந்தது. சென்னையிலிருந்து நேரே போய் இறங்கலாம் என்று புகலிடத்தில் எம்மவர் மகிழ்கிறார்கள். பெயர்ப்பலகை மாறியதைத் தளம் அகன்றதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காணிகள் துண்டு துண்டாக விடப்பட்டாலும் முழுவதும் இன்னும் திரும்பவில்லை.

நாம் கேட்பது இரண்டு. 'தளத்தை வேறெங்காவது கொண்டுபோ' என்று எவரும் எமது பெயரால் கேட்கவேண்டாம். அந்த 'வேறெங்காவது' ஒரு கன் தீவாகத்தான் இருக்கும். இரண்டாவது: ஊரைத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள். காணியின் பெயர், கிணறு, வேலி, பனை, எந்த ஒழுங்கை எந்தக் கோயிலுக்குப் போனது என்பது வரை எழுதுங்கள். பலாலியும் ஒருநாள் மூடப்படலாம். அன்று அதன் இனிய நினைவுகளை எழுதப் பலர் இருப்பார்கள். அவர்கள் எல்லோரும் அங்கே காவல் நின்றவர்களாக இருக்கக்கூடாது.